சீட்டுக் காசுல ஒரு லேப்டாப்

பொட்டி தட்டுற வேலையில இருக்கிற எல்லாருக்கும் ஊர்ல கூடுதலா ஒரு பதவி உண்டு. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டயர்மெண்ட்டும் கிடையாது. "தம்பி கம்ப்யூட்டர் படிச்சவன்தான, அவனக் கேளு" அப்படிங்கிற பதவி. பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் நமக்குத்தான் போன், வாட்ஸ்அப்ல எழுத்து சிறுசாத் தெரிஞ்சாலும் நமக்குத்தான் போன். அதுல ஒரு கேள்வி மட்டும் தவறாம வரும். "வெல கம்மியா, நல்லதா ஒரு லேப்டாப் சொல்லேன்?"

இதுக்குப் பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு லிங்க் அனுப்பி வைக்கிறது சுலபம். நாலு விமர்சன வீடியோ பாத்தா போதும். ஆனா அந்த வீடியோ போடுறவங்க யாரும் கம்பம் பள்ளத்தாக்குல குடியிருக்கிறவங்க இல்ல. மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு பகல் முழுக்கக் கரண்ட் போற ஊரு, சர்வீஸ் சென்டர்னா மதுரை வரைக்கும் பஸ் ஏறணுமோன்னு யோசிக்கிற ஊரு, ரெண்டாவதா ஒண்ணு வாங்கக் காசு இல்லாத வீடு... இதெல்லாம் அவங்க போடுற மார்க்குல வராது. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வந்துருங்க :)

இந்தத் தடவை கேட்டது எங்க சித்தப்பா. ராயப்பன்பட்டிப் பக்கம் ஒண்ணேகால் ஏக்கர் பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சதுன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சே, அதே திராட்சைதான். குறியீடு கிடைச்சா என்ன, அறுக்கப் போற நேரத்துல மழை பெஞ்சா பழம் வெடிக்கத்தான் செய்யும். 2025 அக்டோபர் மழையில சித்தப்பா தோட்டத்துல அதுதான் நடந்துச்சு. கையில மிச்சம் இருந்தது சித்தி கட்டிக்கிட்டு வந்த சீட்டு ஒண்ணு. தள்ளு போக 40,000 ரூபா. அடுத்த கவாத்துக் கூலிக்குன்னு சித்தி எடுத்து வச்சிருந்த காசு அது.

தங்கச்சி, அதாவது சித்தப்பா மக, பி.காம் முதல் வருஷம். பிப்ரவரி மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப சித்தப்பா கேட்டாரு.

"யய்யா, நாப்பதாயிரத்துக்குள்ள ஒண்ணு வாங்கிரலாமா? பிள்ள கேட்டுக்கிட்டே இருக்கு."

சித்தி அடுப்படியிலேருந்தே ஒரு கேள்வி போட்டாங்க. "ஏன், அந்த போனுலயே படிக்க முடியாதாக்கும்? பன்னண்டாயிரம் குடுத்துத்தான அதையும் வாங்குனது?"

சித்தி கேட்டது குதர்க்கம் இல்ல, நியாயமான கேள்வி. இந்தக் காசு லேப்டாப்புக்குப் போச்சுன்னா கவாத்துக்கு வெளிய கடன் வாங்கணும். அப்படி வாங்குற சாமான் ரெண்டு வருஷத்துல மூலையில கெடந்துச்சுன்னா, கடனும் போச்சு சாமானும் போச்சு. அதனால பதிலை ஒழுங்கா சொல்லணும்னு தோணுச்சு.

பாடம் கேக்குறதுக்கு, நோட்ஸ் படிக்கிறதுக்கு போன் போதும். ஆனா டேலி போன்ல உக்காராது. நாலு ஷீட் உள்ள எக்ஸெல் ஃபைல போன்ல திறந்து பாக்கலாம், உருவாக்க முடியாது. முடிஞ்சாலும் கண்ணு போயிரும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ரெஸ்யூம், எல்லாம் கீபோர்டு வேலை. கணக்கு படிக்கிற பிள்ளைக்கு, காலேஜ் லேப்ல வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் மட்டும் டேலியத் தொட்டுட்டு வேலைக்குப் போனா இன்டர்வியூல தடுமாறத்தான் செய்யும். இதச் சொன்னதும் சித்தி ஒண்ணும் பேசல. பேசலன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, யோசிக்கிறாங்கன்னு அர்த்தம்.

"கவர்மெண்ட்டு லேப்டாப் குடுக்குதே?"ன்னு அடுத்து ஒரு கேள்வி. 2026 ஜனவரியில காலேஜ் பிள்ளைகளுக்கு லேப்டாப் குடுக்குற திட்டம் தொடங்குனது உண்மைதான். ஆனா அது அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. தங்கச்சி படிக்கிறது தனியார் காலேஜ், அந்த லிஸ்ட்ல வராது.

அரசு லேப்டாப்புன்னு வந்ததும் ஒண்ணு சொல்லியே ஆகணும். ஏன்னா நல்ல லேப்டாப்புன்னா என்னன்னு எனக்குக் கத்துக் குடுத்ததே அதுதான்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாள்ல, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல தொடங்கி வச்ச திட்டம் அது. எல்காட் மொத்தமா டெண்டர் விட்டு வாங்கிக் குடுத்துச்சு. அடுத்த எட்டு ஒன்பது வருஷத்துல 50 லட்சத்துக்கும் மேல லேப்டாப் போச்சு. நம்ம தேனி மாவட்டத்துல தெருவுக்கு நாலு வீட்டுலயாச்சும் முதல் கம்ப்யூட்டரே அதுதான். எனக்கு 2015-ல பிளஸ் டூ முடிக்கிறப்ப கிடைச்சது. 2 ஜிபி ரேம், சுத்துற ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணிட்டுப் போயி குளிச்சிட்டு வந்தா சரியா இருக்கும்.

ஆனா அந்தப் பொட்டி இன்னைக்கும் எங்க அப்பா மேஜையில ஓடிக்கிட்டு இருக்கு. பத்து வருஷம் தாண்டிருச்சு. எப்படி? கீழ் மூடிய ஸ்க்ரூ டிரைவர்ல கழட்டலாம். ரேம் தனியா கழட்டி மாட்டுற மாதிரி இருந்துச்சு, இன்னொரு 4 ஜிபி போட்டோம். ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டோம். பேட்டரி வெளியிலேருந்தே உருவுற மாதிரி இருந்துச்சு, ஒரு தடவை மாத்தினோம். விண்டோஸ் தாங்காதுன்னு லினக்ஸ் மின்ட் போட்டாச்சு. அப்பா அதுல கரண்ட் பில் கட்டுவாரு, பட்டா சிட்டா எடுப்பாரு, போடி ஏலக்காய் ஏலத்துல என்ன வெல போச்சுன்னு பாப்பாரு.

அது வேகமான லேப்டாப் இல்ல, அழகான லேப்டாப்பும் இல்ல. தேனியில ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்கிற ஒரு அண்ணனால திறக்க முடிஞ்ச லேப்டாப். நான் சொல்ல வர்றது இவ்வளவுதான் மக்களே: வெல கம்மியான லேப்டாப்ப இன்னைக்கு எவ்வளவு வேகம்னு பாத்து வாங்காதீங்க. மூணாவது வருஷம் அதுல ஒண்ணு போச்சுன்னா நம்ம ஊர்லயே மாத்த முடியுமான்னு பாத்து வாங்குங்க. மத்ததெல்லாம் இதுக்கு அடுத்ததுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மொதல்ல ஒரு பேப்பர்ல அந்த வீட்டுல யாரு என்ன பண்ணப் போறாங்கன்னு எழுதினோம். தங்கச்சிக்கு டேலி, எக்ஸெல், ஆன்லைன் வகுப்பு, ப்ராஜெக்ட். சித்தப்பாவுக்குத் தோட்டத்துக் கணக்கு, சொட்டுநீர் மானியத்துக்கு அப்ளிகேஷன். சித்திக்கு, திருப்பூர்ல இருக்கிற அவங்க தம்பிகிட்ட பெரிய திரையில முகம் பாத்துப் பேசணும். பத்தாவது படிக்கிற தம்பிப்பயலுக்கு கேம். (கேம் லிஸ்ட்லேருந்து உடனே அடிக்கப்பட்டது. பய ரெண்டு நாளு என்கிட்ட பேசல.)

இந்தப் பேப்பரே பாதி லேப்டாப்பக் கழிச்சுக் கட்டிருச்சு.

குரோம்புக் கழிஞ்சது. கெட்ட சாமான் இல்ல. வெல கம்மி, வைரஸ் தொல்ல கிடையாது, 2021-லேருந்து வந்த மாடலுக்கெல்லாம் பத்து வருஷம் அப்டேட் தர்றதா கூகுள் சொல்லியிருக்கு. 2023 அக்டோபர்லேருந்து ஹெச்பியோட குரோம்புக்க நம்ம சென்னைப் பக்கமே தயாரிக்கிறாங்க. அறிவிச்சவரு மதுரையில பொறந்த சுந்தர் பிச்சை. ஆனா டேலிக்கு விண்டோஸ் வேணும். ஸ்கூல் பிள்ளை மட்டும் இருக்கிற வீடா இருந்தா நானே அதத்தான் சொல்லியிருப்பேன்.

பதினஞ்சு இருபதாயிரத்துக்கு ஆன்லைன்ல வர்ற 64 ஜிபி, 128 ஜிபி இஎம்எம்சி லேப்டாப்புகளும் கழிஞ்சது. இஎம்எம்சின்னா போன்ல இருக்கிற மாதிரி போர்டோட ஒட்டி வச்ச ஸ்டோரேஜ். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்ற குறைஞ்சபட்சமே 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். அந்தக் குறைஞ்சபட்சத்துல வாங்குனா, ரெண்டு அப்டேட் வந்ததும் இடம் இல்லன்னு நிக்கும். அப்புறம் பெருசா மாத்தவும் முடியாது, ஏன்னா ஒட்டியிருக்கு.

மிச்சம் இருந்தது 35-லேருந்து 40 ஆயிரத்துக்குள்ள வர்ற சாதா விண்டோஸ் லேப்டாப்புகள். இதுலதான் உண்மையான குழப்பமே.

ஒரு சனிக்கிழமை நானு, சித்தப்பா, தங்கச்சி மூணு பேரும் பஸ் ஏறினோம். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டின்னு தாண்டி தேனி பென்னிகுவிக் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, நேரு சிலைப் பக்கம் போனோம். கடையில ஒரு தம்பி நல்லாப் பேசுனான். சித்தப்பாவப் பாத்து, "அண்ணே, அந்த விலையில ஐ3 எதுக்கு? இது ரைசன் 5-ணே. ஏழாயிரம் சீரிஸு. அஞ்சு பெருசா மூணு பெருசா?"ன்னு கேட்டான். சித்தப்பா என்னயப் பாத்தாரு. அஞ்சுதான பெருசு?

பெட்டியத் திருப்பி நம்பரப் பாத்தேன். ரைசன் 5 7520யூ.

இங்கதான் கொஞ்சம் கவனம் வேணும். அந்தத் தம்பி பொய் சொல்லல, நிஜமாவே அது ரைசன் 5 தான். ஆனா ஏஎம்டி ஏழாயிரம் வரிசைக்கு வச்ச நம்பர்ல, மூணாவது இலக்கம்தான் உள்ள இருக்கிற டிசைன் எதுன்னு சொல்லும். 7520-ல மூணாவது இலக்கம் 2, அப்படின்னா ஜென் 2, அதாவது 2019-ல வந்த டிசைன். நாலு கோர். அதே குடும்பத்துல இருக்கிற ரைசன் 3 7320யூ-வுக்கும் நாலு கோர்தான். ரெண்டுக்கும் கிளாக் வேகத்துல மட்டும் கொஞ்சம் வித்தியாசம். பேருல மூணு, அஞ்சு ஆயிருச்சு, அவ்வளவுதான். 7530யூன்னு இருந்தா அது ஜென் 3, ஆறு கோர், நிஜமாவே ஒரு படி மேல. அந்த ஒத்த இலக்கத்துல அவ்வளவு இருக்கு.

வேகத்த விட எனக்கு முக்கியமாப் பட்டது வேற. இந்த 7320யூ, 7520யூ ரெண்டும் எல்பிடிடிஆர்5 ரேம் மட்டும்தான் எடுத்துக்கும். அந்த வகை ரேம போர்டுல சால்டர் பண்ணித்தான் விக்கிறாங்க. 8 ஜிபி வாங்குனா ஆயுசுக்கும் 8 ஜிபி. எங்க அப்பா பொட்டியில பண்ண மாதிரி மூணு வருஷம் கழிச்சு ஒரு ரேம் குச்சி வாங்கிச் சொருக முடியாது.

பக்கத்துல ஒரு ஐ3 1215யூ இருந்துச்சு. 2022-ல வந்த ப்ராசசர், ஆறு கோர் (ரெண்டு பெருசு, நாலு சிறுசு). அத வச்சு வர்ற எல்லா லேப்டாப்லயும் ரேம் கழட்டுற மாதிரி இருக்கும்னு சொல்லிர முடியாது. சிலதுல ஒட்டியிருப்பாங்க, சிலதுல 8 ஜிபி ஒட்டி ஒரு ஸ்லாட் காலியா விட்டிருப்பாங்க, சிலதுல ரெண்டு ஸ்லாட்டும் இருக்கும். கடைக்காரர்கிட்டக் கேட்டா "பண்ணிக்கலாம் சார்"ம்பாரு. அதுக்கு ஒரே வழி, பெட்டியில ஸ்டிக்கர்ல இருக்கிற முழு மாடல் நம்பர எடுத்து, கம்பெனியோட சொந்த ஸ்பெக் ஷீட்டப் பாக்குறது. லெனோவோன்னா பிஎஸ்ரெஃப்னு ஒரு சைட்டே வச்சிருக்காங்க. மெமரி ஒட்டினதா, ஸ்லாட் எத்தனை, எவ்வளவு வரைக்கும் போடலாம், எல்லாம் ஒரு வரியில இருக்கும். மத்த கம்பெனிக்கும் சர்வீஸ் மேனுவல் நெட்டுல கெடைக்கும். ஒரே பேருல நாலஞ்சு விதமா வருது, அதனால கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் பாக்கணும்.

"இப்பவே 16 ஜிபி வாங்கிட்டா என்ன?"ன்னு கேப்பீங்க. வாங்கலாம், காசு இருந்தா. 2025 கடைசியிலேருந்து ரேம் விலை கன்னாபின்னான்னு ஏறிக் கெடக்கு. ஏஐ டேட்டா சென்டருக்கெல்லாம் மெமரி சிப்ப அள்ளிக்கிட்டுப் போறாங்க. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல தன்னோட க்ரூஷியல் பிராண்டு சில்லறை வியாபாரத்தையே மூடப் போறதா அறிவிச்சிருச்சு. ராயப்பன்பட்டியில ஒரு பி.காம் பிள்ளை லேப்டாப் வாங்குறதுக்கும் எங்கயோ இருக்கிற டேட்டா சென்டருக்கும் முடிச்சு விழுது பாருங்க. இந்த நேரத்துல 8 ஜிபியோட ஒரு காலி ஸ்லாட் இருக்கிறதுதான் புத்திசாலித்தனம். விலை எறங்குனப்ப, தேவை வந்தப்ப, போட்டுக்கலாம். தேவையே வரலன்னா காசு மிச்சம்.

அடுத்தது திரை. தங்கச்சிக்கு 14 இஞ்சு ஒண்ணு மேல கண்ணு. மெலிசா, வெள்ளையா, அழகா இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல, உபயோகிக்கப் போறது அவதானே. டேலிய எப்படி அடிப்பன்னு மட்டும் கேட்டேன். கையால காத்துல நம்பர் தட்டிக் காமிச்சவ, கீபோர்டப் பாத்துட்டு நிறுத்திட்டா. அதுல வலது பக்கம் நம்பர் பேட் இல்ல.

"அண்ணே, வீட்டுலதான இருக்கப் போகுது. டெய்லி தூக்கிக்கிட்டு பஸ்ல நிக்கப் போறதில்ல. நம்பர் பேட் இருக்கிறதே பாருண்ணே." அவளே முடிவு பண்ணிட்டா. 15.6 இஞ்சு. தினம் காலேஜுக்குத் தூக்கிட்டுப் போற பிள்ளையா இருந்தா முடிவு நேர் எதிரா இருந்திருக்கும்.

திரையில இன்னொண்ணு. ஐபிஎஸ் பேனலான்னு பாருங்க. வெல கம்மி மாடல் சிலதுல இன்னும் டிஎன் பேனல் வருது. நேராப் பாத்தா நல்லாத்தான் இருக்கும், சைடுலேருந்து பாத்தா நிறம் மாறிரும். ஒரே திரைய நாலு பேரு சுத்தி உக்காந்து பாக்குற வீட்டுக்கு அது ஆகாது. சித்தி திருப்பூர்த் தம்பிகிட்டப் பேசுறப்ப பக்கத்துல உக்காந்திருக்கிற சித்தப்பாவுக்கு மச்சான் கறுப்பாத் தெரிவாரு :)

கரண்ட் விஷயம். "டெஸ்க்டாப் வாங்குனா இதே காசுக்கு இன்னும் நல்லதா வருமே, எல்லாத்தையும் கழட்டலாமே?"ன்னு நெனைக்கிறவங்களுக்கு: சரிதான், ஆனா கரண்ட் போனா யுபிஎஸ் பத்து பதினஞ்சு நிமிஷம் தாங்கும். லேப்டாப்புல பேட்டரியே யுபிஎஸ். கணக்கு சுலபம். பேட்டரி 45 வாட் அவர்னு போட்டிருந்தா, டைப் பண்ற மாதிரி சின்ன வேலைக்கு லேப்டாப் 8, 9 வாட் இழுக்கும்னு வச்சுக்கோங்க. 45-ஐ 9-ஆல வகுத்தா அஞ்சு மணி நேரம். "12 மணி நேரம் வரை"ன்னு விளம்பரத்துல இருக்கிறத விட்டுட்டு இந்த வகுத்தலப் போட்டுப் பாருங்க. ஆனா லேப்டாப் ஓடி என்ன பண்ண, கரண்ட் போனா வைஃபை ரௌட்டரும் அணைஞ்சிரும். அதுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ்னு ஒரு சின்ன டப்பா வருது, ஆயிரத்துச் சொச்சம். ப்ராசசர்ல ஒரு படி ஏறுறத விட ஊர்ல இருக்கிறவனுக்கு அந்த டப்பா பிரயோஜனம்.

கடையிலேருந்து வெளிய வந்து, வாங்குறதுக்கு முன்னாடி, எங்க அப்பா பொட்டிய ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்டப் போனோம். ஒரு மாடிப்படிக்குக் கீழ கடை. மேஜை மேல நாலு லேப்டாப் வயித்தத் தொறந்து கெடந்துச்சு.

"என்னண்ணே, எதுதான் அதிகமா வருது?"

"ஹிஞ்ச்சுதான் தம்பி. மூலையில புடிச்சுத் தொறக்குறாங்க, பிளாஸ்டிக்கு விரிஞ்சிருது. அப்புறம் சார்ஜிங் பின்னு. அப்புறம் கீபோர்டுல காப்பித் தண்ணி. ப்ராசசர் போச்சுன்னு எவனும் வந்ததில்ல."

போட்டோவக் காமிச்சேன். "இது தொறந்திருக்கேன். கீழ மூடி நேரா வரும், பேட்டரி ஸ்க்ரூவுல நிக்கிது, எஸ்எஸ்டி கழட்டலாம். வாங்கு. மூடியத் தொறக்குறப்ப நடுவுல புடிச்சுத் தொறக்கச் சொல்லு, போதும்."

நான் நெட்டுல பாத்த எந்த விமர்சனமும் இவ்வளவு உபயோகமா இருந்ததில்ல. உங்க ஊர்லயும் இப்படி ஒரு அண்ணன் இருப்பாரு. கடைக்குப் போறதுக்கு முன்னாடி அவர்கிட்டப் போங்க.

வாரண்டியில பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஆன்சைட்டா, இல்ல நாமளே தூக்கிட்டுப் போகணுமா? நம்ம பின்கோடு சொல்லி, அந்தக் கம்பெனி ஆளு வீட்டுக்கு வருவாங்களான்னு அவங்க கஸ்டமர் கேர்லயே கேட்டுருங்க. தேனியிலேருந்து மதுரைக்கே 75 கிலோமீட்டருக்குக் கிட்ட. ராயப்பன்பட்டியிலேருந்துன்னா ஒரு நாள் வேலை கெட்டுப் போச்சு. தோட்டத்துக்காரருக்கு ஒரு நாள் கூலியும் லேப்டாப் விலையில சேத்திதான்.

செகண்ட் ஹேண்டு பத்தியும் சொல்லிர்றேன், ஏன்னா 20 ஆயிரம்தான் கையில இருக்குன்னு சொல்றவங்களுக்கு அதுதான் நல்ல வழி. கம்பெனிகள் கழிச்சுவிட்ட திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490, எலைட்புக் 840 ஜி5 மாதிரி மாடல்கள் ரீஃபர்பிஷ்டுன்னு வருது. உறுதியான உடம்பு, திறந்து வேலை பாக்குறதும் சுலபம். ஒரு எச்சரிக்கை: இன்டெல் எட்டாவது தலைமுறைக்குக் கீழ வாங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட இலவச சப்போர்ட் முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11 எட்டாவது தலைமுறையிலேருந்துதான் முறைப்படி ஏத்துக்குது. அதனால ஆறு, ஏழாவது தலைமுறை லேப்டாப்பெல்லாம் சந்தையில மலிவா வந்து விழுது. மலிவா இருக்கிறதுக்குக் காரணம் அதான். விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கிற வசதி இருக்கு. டிசைன் கெபாசிட்டியும் இப்ப ஏறுற ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் பக்கத்துல பக்கத்துல காட்டும். பாதிக்கு வந்திருந்தா, புது பேட்டரிக் காசையும் விலையோட கூட்டிப் பாருங்க. தங்கச்சிக்கு நம்பர் பேடும் ஆன்சைட் வாரண்டியும் வேணும்னதால புதுசுக்கே போனோம்.

கடைசியா வாங்குனது அந்த ஐ3 1215யூ. 8 ஜிபி ரேம், ஒரு ஸ்லாட் காலி, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐபிஎஸ் ஃபுல் ஹெச்டி திரை, விண்டோஸ் 11 ஒரிஜினலா உள்ளயே, ஒரு வருஷம் ஆன்சைட். 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 36,900. பேரம் பேசுனதுல ஒரு மவுஸும் பையும் வந்துச்சு. ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் 1,200. பஸ் செலவு, மூணு பேருக்குச் சாப்பாடு போக ஆயிரத்து ஐநூறு ரூபா மாதிரி மிச்சத்தச் சித்தி கையில குடுத்தாரு சித்தப்பா. சித்தி எண்ணிப் பாத்துட்டு, "கவாத்துக்கு என்ன பண்றது?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. கவாத்துக்குக் கடன்தான் வாங்கினாங்க. அத மறைச்சு இந்தப் பதிவ எழுத எனக்கு மனசு வரல.

போன வாரம் தங்கச்சி போன் பண்ணா. டேலி பழகணும்னு தோட்டத்துக் கணக்கையே எடுத்து ஏத்தியிருக்கா. சித்தப்பா டைரியில மூணு வருஷமாக் கிறுக்கி வச்சிருந்தது: உரம், மருந்து, கவாத்துக் கூலி, அறுப்புக் கூலி, வண்டி வாடகை. எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிச்சுப் போட்டுக் காமிச்சிருக்கா.

சித்தி கிட்ட வந்து உக்காந்து பாத்தாங்களாம். மருந்துக்குன்னு ஒரு வரி. அதுல விரல வச்சு, "இம்புட்டா மருந்துக்கே போயிருக்கு?"ன்னு கேட்டுட்டு, "அந்த மருந்துக்கடை பில்லையெல்லாம் பெட்டியிலேருந்து எடுத்தாரேன், சரியா இருக்கான்னு பாரு"ன்னு எந்திரிச்சுப் போனாங்களாம்.

அன்னைக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அம்மாவும் மகளும் பில்லு பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

கொசுறு: மூணு பின் பிளக்க எர்த் இருக்கிற பாயிண்ட்லயே சொருகுங்க. எர்த் இல்லாத பழைய வீட்டு பாயிண்ட்ல போட்டுட்டு, லேப்டாப்பத் தொட்டா சுருசுருங்குதுன்னு எனக்கு போன் பண்ணாதீங்க. அந்தப் பதவிய நான் ராஜினாமா பண்ணப் போறேன்!